மெழுகு உரிக்கிற தண்ணீர்

ஹட்டன்
ஞாயிறு காலை

அன்பு மச்சான்,

கடிதம் கிடைத்தது. மகளுக்குக் காய்ச்சல் விட்டது சந்தோஷம். இங்கே மூன்று நாளாகத் தூறல். அச்சடித்த பெனர் காயாமல் கொடியில் தொங்குகிறது.

ஹோட்டல் தரையில் பழைய மெழுகை உரிக்க ஊற்றும் தண்ணீரால் தலையிடி வருகிறது என்று எழுதியிருந்தாய். டின்னில் 2-பியூட்டொக்சிஎதனோல் என்று போட்டிருக்கிறதாமே. அட, அது நம்ம பழைய ஆள்! என் ஸ்கிரீன் பிரின்டிங் கடையில் பியூட்டைல் கிளைகோல் என்போம். 171 பாகை செல்சியஸில்தான் கொதிக்கும், மெதுவாகத்தான் ஆவியாகும். மையில் கொஞ்சம் விட்டால் மை சட்டென்று காய்ந்து ஸ்கிரீன் வலையின் கண்ணை அடைக்காது. தண்ணீரோடும் கலக்கும், எண்ணெய்ப் பசையையும் கரைக்கும். அதனால்தான் கண்ணாடி துடைக்கிற தண்ணீரிலிருந்து பெயின்ட் வரை எங்கும் கிடக்கிறது.

பத்து வருஷம் வெறுங்கையால் இதைத் தொட்டுத்தான் ஸ்கிரீன் துடைத்தேன். சவர்க்காரத்துக்கு அசையாத கறுப்பு மை நகக்கண்ணிலிருந்து ஒரே துடைப்பில் போய்விடும். கை எரியாது, கொப்பளிக்காது, பயமும் வரவில்லை. ஆனால் அது தோல் வழியாகவே உள்ளே போகுமாம், மச்சான். எலிகளுக்குச் சிவப்பணு உடைந்து சிறுநீர் சிவக்கும். மனிதர் இரத்தம் அவ்வளவு சீக்கிரம் உடையாது. ஆனாலும் கண் எரிச்சல், தலையிடி, குமட்டல் நமக்கும் வரும். வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் வேலையிடக் காற்றில் 5 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 5 பங்குக்கு, மேல் வேண்டாம் என்கிறது.

நீ முழந்தாளிட்டு உரிப்பவன். நனைந்த கால்சட்டையோடு மத்தியானம் வரை இருக்காதே, உடனே கழற்றிக் கழுவு. கையுறை பியூட்டைல் ரப்பர் என்றால் நல்லது. மெல்லிய லேடெக்ஸ் இதற்குத் தாங்காது. நுவரெலியாக் குளிருக்கு ஜன்னலை அடைத்துக்கொண்டு வேலை செய்வீர்கள், எனக்குத் தெரியும். நானும் மூடுபனி உள்ளே வருகிறது என்று அப்படித்தான் செய்தேன். ஸ்வெட்டர் போட்டுக்கொள், ஜன்னலைத் திற. பெட்ரோல் மாதிரிச் சட்டென்று பற்றாது, ஆனாலும் சூடாக்கினால் பற்றும். நனைந்த துணியை ஹீட்டர் பக்கம் போடாதே.

அப்புறம், உன்னோடு வேலை செய்யும் பிள்ளை முழுகாமல் இருக்கிறாள் என்றாயே. இந்தத் தண்ணீரின் இரசாயனக் குடும்பத்திலேயே 2-மெதொக்சிஎதனோல், 2-எதொக்சிஎதனோல் என்று இரண்டு இருக்கின்றன. வயிற்றுப் பிள்ளைக்கும் கெடுதல், ஆண்களின் விந்துக்கும் கெடுதல். பெயர் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தோன்றும், ஏமாந்துவிடாதே. ஸ்டோரில் உள்ள எல்லா டின்களின் லேபலையும் படம் எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அவளை அந்தப் பக்கம் விடாதே.

தைப்பொங்கலுக்கு வருவாய்தானே?

உன்
மச்சான்