தண்ணீர் பார்க்கக் கற்றுக்கொடுத்த அப்பாவுக்கு

மெல்போர்ன்
ஜூலை 26

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் இங்கே நலம். நீங்கள், அம்மா, ஆயா, தம்பி எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

போட்டி முடிந்த அன்று இரவே போனில் சொல்லிவிட்டேன், இறுதிச் சுற்று வரை போய் நான்காவதாக வந்தேன் என்று. “சந்தோஷம் சாமி, சாப்பிட்டாயா?” என்று கேட்டுவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டீர்கள். அம்மா அழுதார். ஆயா, “காபி போடுவதில் என்னடி போட்டி?” என்றார். நான் உங்களிடம் சொல்ல நினைத்ததைச் சொல்லவே முடியவில்லை. நேரில் வந்து சொன்னாலும் நீங்கள் துண்டை உதறிக்கொண்டு ஊர்க் குடிநீர் டேங்க் பக்கம் போய்விடுவீர்கள். கடிதம் என்றால் கடைசி வரி வரை படிப்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஆயாவின் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், படித்துக் காட்டுங்கள். இந்தப் போட்டிக்கு ப்ரூவர்ஸ் கப் என்று பெயர். 2011 முதல் உலக அளவில் நடக்கிறது. ஒவ்வொரு நாட்டிலும் வென்றவர்கள் அங்கே போவார்கள். நான் கலந்துகொண்டது இங்குள்ள மாநில அளவிலான சுற்று. இதில் பாலும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. கையால் வெந்நீர் ஊற்றி வடிகட்டி இறக்கிய வெறும் காபி மட்டும்தான். ஒரு சுற்றில் எல்லோருக்கும் ஒரே கொட்டை, ஒரே தண்ணீர் தருவார்கள். வாயே திறக்காமல் மூன்று கோப்பை இறக்கி வைத்துவிட்டு வர வேண்டும். எது யாருடையது என்று நடுவர்களுக்குத் தெரியாது. இன்னொரு சுற்றில் கொட்டையும் தண்ணீரும் நம் விருப்பம். பத்து நிமிடத்துக்குள் நடுவர்கள் எதிரிலேயே இறக்கிக் கொடுத்து, இதில் இன்ன சுவை இருக்கும், ஆறும்போது இன்னதாக மாறும் என்று நாமே சொல்ல வேண்டும். சூட்டோடு குடித்துப் பார்ப்பார்கள், வெதுவெதுப்பில் பார்ப்பார்கள், ஆறிய பின்னும் பார்ப்பார்கள். நாம் சொன்னது அவர்கள் நாக்கில் தட்டுப்பட்டால்தான் மதிப்பெண். ஆயாவுக்கு இது விளங்கும். புளி வாங்க வரும் வியாபாரியிடம் அவர் செய்வதும் இதுதானே?

இப்போது உங்களிடம் வருகிறேன் அப்பா.

இப்படி இறக்கிய காபியில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் தண்ணீர்தான். கொட்டை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் தண்ணீர் சரியில்லை என்றால் எல்லாம் வீண். இதை இங்கே வகுப்பு எடுத்துச் சொல்லித் தருகிறார்கள். எனக்கு அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது உங்கள் ஞாபகம்தான் வந்தது. காலை இருட்டில் டேங்குக்குக் கீழே நின்று, குழாயைத் திறந்து கொஞ்சம் ஓடவிட்டு, எவர்சில்வர் டம்ளரில் பிடிப்பீர்கள். வாயைக் கொப்பளித்துத் துப்பிய பிறகுதான் முதல் வாய். உடனே விழுங்க மாட்டீர்கள். நாக்கின் இரண்டு ஓரத்திலும் நிற்கவிட்டு, பிறகு “காவிரி” என்பீர்கள், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்றால் “போர்” என்பீர்கள், அல்லது “இரண்டும் கலந்து வருகிறது” என்பீர்கள். வெற்றிலை போட்ட வாயோடு தண்ணீர் பார்க்கக் கூடாது என்று எனக்கும் சொல்லி, டம்ளரை என் கையில் கொடுப்பீர்கள். அப்போது எனக்கு அது விளையாட்டு. இங்கே காபியைக் கரண்டியில் எடுத்து உறிஞ்சிச் சுவை பார்க்கச் சொன்ன முதல் நாளே, நான் நாக்கின் ஓரத்தில் நிறுத்திப் பார்த்ததைக் கண்டு, இதை எங்கே பழகினாய் என்று பயிற்சியாளர் கேட்டார். என் அப்பா தர்மபுரி மாவட்டத்தில் டேங்க் ஆபரேட்டர் என்று சொன்னேன். அந்த வேலை என்ன என்று விளக்குவதற்குள் வகுப்பு நேரம் முடிந்துவிட்டது.

நம் பக்கத்துப் போர்த் தண்ணீரில், பல்லைக் காவியாக்கி எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு இருப்பது நாக்குக்குத் தெரியாது. அதற்குச் சுவையும் இல்லை, மணமும் இல்லை. ஆனால் அந்தத் தண்ணீரின் உப்பும் கடினமும் தெரியும். பாத்திரத்தில் வெள்ளையாகப் படிந்து நிற்கும், பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அந்த அடையாளத்தை வைத்துத்தான் நீங்கள் ஊரைக் காப்பாற்றினீர்கள். ஜப்பான் கடனுதவியோடு கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிய பிறகும், எங்காவது குழாய் உடைந்து காவிரித் தண்ணீர் நின்றுபோகும். மோட்டாரைப் போடு, போர்த் தண்ணீரையாவது விடு என்று ஆட்கள் வந்து கத்துவார்கள். திறந்துவிடுவீர்கள். ஆனால் பலகையில் சாக்பீஸால் ‘இன்று போர்த் தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம்’ என்று எழுதாமல் ஒருநாளும் விட்டதில்லை. கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடத்தான் செய்யும் என்று வீடு வீடாகச் சொன்னீர்கள். அதற்காக உங்களுக்கு ஒரு ரூபாய் கூடுதலாக யாரும் கொடுக்கவில்லை. திட்டு வாங்கியதுதான் மிச்சம். உங்கள் பல்லிலும் என் பல்லிலும் அந்தக் காவி நிற்கிறது. தம்பியின் பல் வெள்ளையாக இருக்கிறது. வீடியோவில் அவன் சிரிக்கும்போதெல்லாம் எனக்கு உங்கள் சாக்பீஸ் எழுத்துதான் நினைவுக்கு வருகிறது.

மெல்போர்ன் தண்ணீர் வேறு வகை. ஆட்கள் குடியிருக்கவும் உழவு செய்யவும் விடாமல் காவல் காக்கும் மலைக்காடுகளிலிருந்து வருகிறது. மிக மென்மையான தண்ணீர். முதன்முதலில் இங்கே தலைக்குக் குளித்தபோது ஷாம்பு நுரை போகவே இல்லை. குடிக்க நல்லது. ஆனால் போட்டிக் காபிக்கு அதில் சத்து போதாது. மெக்னீசியமும் கால்சியமும் ஓரளவு இருந்தால்தான் தூளிலிருந்து சுவை நன்றாக இறங்கும். இன்னொரு பக்கம் பைகார்பனேட் கூடிப்போனால் காபியின் புளிப்பை அது அமுக்கிவிடும், சப்பென்று ஆகிவிடும். அறவே இல்லையென்றால் புளிப்பு நாக்கை அறுக்கும். அதனால் காய்ச்சி வடித்த தண்ணீரை வாங்கி, மருந்துக்கடையில் கிடைக்கும் எப்சம் உப்பையும் சமையல் சோடாவையும் தனித்தனியே கரைத்து, சொட்டுக் கணக்கில் கலந்து கலந்து பார்த்தேன். நான் வேலை செய்யும் காபிக் கடை மூடிய பிறகு பாட்டில்களை வரிசையாக வைத்து, எது எதென்று தெரியாமல் மாற்றி வைக்கச் சொல்லி, வெறும் தண்ணீரையே குடித்துப் பார்ப்பேன். என் கூட வேலை செய்கிறவர்களுக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது அப்பா. சோடா ஒரு துளி கூடியிருந்தாலும் தெரிந்தது. அந்த நாக்கு நீங்கள் கொடுத்தது.

போட்டிக்கு நான் எடுத்த கொட்டை கென்யாவில் நியேரி என்ற மலைப்பகுதியில் விளைந்தது. எஸ்.எல். 28 என்று ஒரு ரகம். 1930களில் அங்கே தேர்ந்தெடுத்தது. வறட்சியைத் தாங்கும் என்று சொன்னதும் எனக்குப் பிடித்துப்போனது. அதன் பெருமையே புளிப்புதான். இங்கே பலரும் அதைப் பிளாக்கரண்ட் என்ற சின்னக் கறுப்புப் பழத்தோடு ஒப்பிட்டுச் சொல்வார்கள். நான் அந்தப் பழத்தைச் சாப்பிட்டு வளர்ந்தவள் இல்லை. குடித்துப் பார்த்தபோது என் வாயில் வந்தது ஆயாவின் பழைய புளி. பங்குனியில் தட்டிக் கொட்டை எடுத்த புதுப் புளி வெளுப்பாக, வெட்டென்று புளிக்கும்; உப்புப் போட்டுப் பானையில் வைத்து வருடம் கடந்த புளி கறுத்து, புளிப்பு உருண்டு இனிப்பின் பக்கம் சாயும். சூட்டில் புதுப் புளி, ஆறினால் வெல்லம் கரைத்த பழைய புளி. மேடையில் அப்படியே சொன்னேன். சாலையோரப் புளியமரங்களை ஏலம் எடுத்து, குடும்பத்துப் பெண்கள் எல்லோரும் உட்கார்ந்து புளி தட்டும் திண்ணையைப் பற்றியும் சொன்னேன். என் படிப்புக்குக் கட்டிய முதல் பணம் அந்தப் புளியிலிருந்து வந்தது என்பதையும் சொன்னேன்.

மதிப்பெண் தாளைப் பிறகு கையில் கொடுத்தார்கள். ஒரு நடுவர், ஆறிய காபிக்கு நேரே பென்சிலால் ‘புளி, வெல்லம், தெளிவாக இருக்கிறது’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அந்தத் தாளைப் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பியிருக்கிறேன். ஆயாவின் கையில் கொடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

இறக்கும் முறையையும் சொல்கிறேன், நீங்கள் கணக்கு விரும்புகிறவர். ஜப்பானைச் சேர்ந்த டெட்சு கசுயா 2016இல் உலகப் போட்டியில் வென்ற முறை அது. 20 கிராம் தூளுக்கு 300 கிராம் தண்ணீர். அதை அறுபது அறுபதாக ஐந்து தடவை ஊற்ற வேண்டும். முதல் இரண்டு ஊற்றில் புளிப்பும் இனிப்பும் தீர்மானமாகும், மீதி மூன்றில் திடம் கூடும். நான் முதல் ஊற்றைக் குறைத்து இரண்டாவதைக் கூட்டினேன், இனிப்பு சற்றே மேலே வர. முதல் தண்ணீர் பட்டதும் தூள் புளித்த இட்லி மாவுபோல உப்பி எழும். உள்ளே அடைபட்டிருந்த கரியமில வாயு குமிழ் குமிழாக வெளியேறும். அது அடங்கும் வரை கை சும்மா இருக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் எல்லோருக்கும் கை நடுங்கும். எனக்கு நடுங்கவில்லை. டேங்க் நிரம்பும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வால்வில் கை வைத்து நிற்பீர்களே, அந்தப் பொறுமையை நான் பார்த்திருக்கிறேன்.

என்னை இங்கே தாங்கியவர்களைப் பற்றியும் உங்களுக்குத் தெரிய வேண்டும். கடை முதலாளி அம்மாவின் பெற்றோர் கிரேக்க நாட்டிலிருந்து கப்பலில் வந்தவர்கள். இந்த ஊருக்குக் காபிப் பழக்கத்தை ஊன்றியதே இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த இத்தாலிக்காரர்களும் கிரேக்கர்களும்தான் என்று பெருமையாகச் சொல்வார். பயிற்சிக்குத் தன் கடைச் சாவியையே என்னிடம் கொடுத்துவிட்டார். அரைக்கும் இயந்திரத்தைப் போட்டிக்குத் தானே காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். கூட வேலை செய்யும் கொலம்பியாப் பெண், தன் தூக்கத்தை விட்டுவிட்டுக் கடிகாரம் பிடித்தாள். 2022இல் உலகப் போட்டியே இந்த நகரத்தில் நடந்தது. தைவானைச் சேர்ந்த ஷெர்ரி ஷூ வென்றார். அப்போது நான் மேடைக்குப் பின்னால் கோப்பை கழுவும் தொண்டர்களில் ஒருத்தி. இந்த முறை எனக்காக யாரோ கழுவித் துடைத்து, மூன்று கோப்பையையும் சூடாக்கி வைத்திருந்தார்கள். போட்டி முடிந்ததும் அந்த அறைக்குப் போய் ஒவ்வொருவரிடமும் நன்றி சொன்னேன். அங்கே சொல்ல முடிந்தது எனக்கு.

மற்றபடி இங்கே குளிர்காலம். காலையில் கடை திறக்கக் கிளம்பும்போது கும்மிருட்டாக இருக்கும், டிராமில் ஆள் இருக்காது. முதலில் வருகிற கட்டட வேலைக்காரர்கள் எல்லோர் பெயரும் எனக்குத் தெரியும். டாண்டினாங்கில் நம்மவர் கடைகளில் கேழ்வரகு மாவு கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை களி கிண்டுகிறேன், கூட இருக்கும் பெண்களும் சாப்பிடப் பழகிவிட்டார்கள். அம்மாவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஸ்வெட்டர் இரண்டு இருக்கிறது.

ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போவீர்கள் என்று நினைக்கிறேன். கூட்டமாக இருக்கும், ஆயாவைப் படியில் இறக்க வேண்டாம். அவருடைய கண் ஆபரேஷனுக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன். மழை முடியும் வரை தள்ளிப்போடாதீர்கள்.

தை மாதம் வருகிறேன், லீவு உறுதியாகிவிட்டது. வந்ததும் நீங்களும் நானும் வத்தல்மலைக்குப் போக வேண்டும் அப்பா. சின்ன வயதில் அங்கே ஒரு தோட்டத்தில் காபிப் பழத்தைக் கடித்துத் தோலின் இனிப்பைச் சப்பியது நினைவிருக்கிறது, கொட்டையைத் துப்பிவிட்டேன். அங்குள்ள விவசாயிகளிடம் பழுத்ததை மட்டும் பறித்துக் காயவைத்த கொட்டை கொஞ்சம் வாங்கி, நம் வீட்டில் காவிரித் தண்ணீரில் இறக்கிப் பார்க்க எனக்கு மிகுந்த ஆசை. தண்ணீரை நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். மேலே வரை பஸ் எத்தனை மணிக்குப் போகிறது, பறிப்பு எந்த மாதம் வரை இருக்கும் என்று தர்மபுரிக்குப் போகும்போது விசாரித்து எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்