செட் மாத்திரை கட்டித் தரும் மெடிக்கல் கடைக்காரர்களுக்கு

அண்ணன்மாரே, அக்காமாரே,

உங்களைத் திட்ட இதை எழுதவில்லை. ராத்திரி பத்து மணிக்கும் திறந்திருப்பது உங்கள் கடைதான். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஜி.எச். வரிசையில் போய் நிற்பதைவிட, "உடம்பு வலி, ஒரு செட் கொடுங்க" என்று உங்களிடம் கேட்பது சுலபம் என்பதும் புரிகிறது.

ஆனால் அந்த செட்டில் என்ன இருக்கிறது? அட்டையைக் கத்தரிக்கும்போது பெயர் உங்கள் கடையிலேயே தங்கிவிடுகிறது, காகிதத்தில் மடித்த நாலு மாத்திரை மட்டும் வீட்டுக்குப் போகிறது. நாளைக்கே அவருக்கு முடியாமல் போய், டாக்டர் என்ன மாத்திரை போட்டீங்க என்று கேட்டால், "வெள்ளை ஒண்ணு, மஞ்சள் ஒண்ணு" என்பதைத் தவிர அவரால் என்ன சொல்ல முடியும்?

செட்டில் போடும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் எல்லாம் வலியைக் குறைக்கும், சரி. சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தையும் அவை குறைக்கும். வெயிலில் சித்தாள் வேலை பார்த்து, தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்காமல் வருகிறவருக்கு அது தினமும் உள்ளே போனால் கிட்னி எத்தனை நாள் தாங்கும்? கால்நடைக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கூட்டம் கூட்டமாகக் கொன்றதால்தான் 2006-இல் மாட்டு வைத்தியத்தில் அதைத் தடை செய்தார்கள். மனிதனும் கழுகும் ஒன்றல்ல, தெரியும், இருந்தாலும் சொல்லத் தோன்றியது.

இன்னொன்று. 2021-லிருந்து தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதை வாங்கிக்கொள்ளும் அதே பாட்டிதான் மூட்டு வலிக்கு உங்களிடமும் வருகிறார். அரசாங்கம் குறைக்கப் பார்க்கும் பிபியை உங்கள் வலி மாத்திரை ஏற்றிவிடும். செட்டில் ஸ்டீராய்டும் சேர்ந்திருந்தால் சுகரும் ஏறும். வலி மட்டும் மாயமாகப் போய்விடுவதால் "அந்தக் கடை மாத்திரைதான் கேக்குது" என்று திரும்பத் திரும்ப வருவார்கள். அதை நல்ல பெயர் என்று நினைக்காதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்ச்சலோடு வருகிறவர்களுக்குத் தயவுசெய்து இதை நீட்டவே நீட்டாதீர்கள். டெங்குவாக இருந்தால் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் எல்லாமே ரத்தக்கசிவை மோசமாக்கும். பாராசிட்டமால் போதும், அதுவும் அளவோடு. கூடவே ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கொடுங்கள், மறுநாளும் காய்ச்சல் விடவில்லை என்றால் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

அட்டையில் சிவப்புக் கோடு போட்ட மாத்திரையைச் சீட்டு இல்லாமல் தரக்கூடாது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதை நாளைக்கே எல்லோரும் கடைப்பிடிப்பார்கள் என்று நம்பும் அளவுக்கு நான் வெகுளி இல்லை. அதனால் சின்னதாகக் கேட்கிறேன். பிபி, சுகர், கிட்னிப் பிரச்சினை, அல்சர் இருக்கிறதா, வாந்தி பேதி ஆகிறதா என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள். ஆமாம் என்றால் வலி மாத்திரை வேண்டாம், டாக்டரிடம் அனுப்புங்கள். முழங்கால் வலி என்று வரும் வயதானவர்களிடம் முதலில் தடவுகிற ஜெல்லைக் காட்டுங்கள், அது ரத்தத்தில் கலப்பது மாத்திரையைவிட ரொம்பக் குறைவு. எதைக் கொடுத்தாலும் மடிக்கும் காகிதத்தின் மேல் மாத்திரையின் பெயரையும் மில்லிகிராமையும் எழுதிக் கொடுங்கள். பேனா கல்லாவிலேயேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் கடையில் மாத்திரை வாங்கும் ஒருவன்