ராணுவத்தில் சேர்ந்தால் குடியுரிமை கிடைக்குமா? வசந்திக்கு எழுதியது

சான் அன்டோனியோ, டெக்சாஸ்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. மருமகள் நல்லபடியாகப் பிரசவித்து, தாயும் சேயும் வீடு திரும்பிவிட்டார்கள் என்று படித்ததும் மனம் நிறைந்தது. இங்கே நாங்கள் நலம். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, நான் இன்னும் ஓராண்டு பள்ளிக்கூட வேலையில் இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

டாலஸில் எம்.எஸ். படிக்கும் பிரபுவிடம் யாரோ, அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தால் கிரீன் கார்டுக்குக் காத்திருக்காமல் நேரே குடியுரிமை வாங்கிவிடலாம் என்று சொல்லியிருப்பதாகவும், அது உண்மையா என்றும் கேட்டிருந்தாய். ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது, இப்போது இல்லை. 'மாவ்னி' என்ற பெயரில் 2008 இன் இறுதியில் அறிவிக்கப்பட்ட ஒரு திட்டத்தின்படி, சில மருத்துவத் தகுதிகளோ படைக்குத் தேவையான மொழிகளோ உடைய வெளிநாட்டவரை, மாணவர் விசாவில் இருப்பவர்களையும்கூட, படையில் சேர்த்துக்கொண்டார்கள். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அவ்வழியே சேர்ந்தார்கள். 2016 இல் பாதுகாப்புச் சோதனைகளைக் கடுமையாக்கி, புதிய சேர்க்கையை நிறுத்தினார்கள். ஏற்கெனவே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டு, பயிற்சிக்கு எப்போது அழைப்பார்கள் என்று காத்திருந்தவர்களில் பலருக்கு, அந்தச் சோதனைகள் முடிவதற்குள் விசாவே காலாவதியாகிவிட்டது. அரசாங்கம் கூப்பிட்டுத்தான் போனார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

ஆனால் நீ கேட்டதிலிருந்து என் மனம் வேறொரு கூட்டத்தின் பக்கம் போய்விட்டது: விசாவே இல்லாமல், குழந்தைகளாக இருக்கும்போது பெற்றோர் தூக்கிக்கொண்டு எல்லை கடந்து வந்து, இந்த நாட்டைத் தவிர வேறொன்றும் அறியாமல் வளர்ந்த பிள்ளைகள். இந்த ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு படைத்தளம் இருக்கிறது. நான் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பள்ளியில், நம் ஊர் என்.சி.சி. போன்ற மாணவர் படை உண்டு; அதில் சேரக் குடியுரிமை கேட்பதில்லை. என் வகுப்பில், ஆவணமில்லாமல் வளர்ந்த அப்படி ஒரு பையன். சீருடை அணிய வேண்டிய நாளில், கால்சட்டையின் மடிப்பு கத்தியைப்போல நிற்கும். உட்காரும்போது அது கசங்காமலிருக்க முழங்காலருகே துணியைச் சற்றே இழுத்துவிட்டுக்கொண்டுதான் உட்காருவான். உணவுக்கூடத்தில் ராணுவ ஆள்சேர்ப்பு அதிகாரி மேசை போட்டு, பேனாவும் பனியனும் கொடுத்து, பிள்ளைகளிடம் படிவத்தை நீட்டியபோது, முதலில் போய் நின்றவன் அவன்தான். இங்கே சட்டப்படி வேலை செய்யக்கூடியவர்களுக்கு அரசு கொடுக்கும் சமூகப் பாதுகாப்பு எண்ணைக் கேட்கும் கட்டம் வந்ததும் பேனாவை வைத்துவிட்டு, பிறகு வருகிறேன் என்று சொல்லி நகர்ந்துவிட்டான். குழந்தையாக வந்தவர்களை நாடு கடத்தாமல் வைக்கும் டாகா என்ற தற்காலிகப் பாதுகாப்புகூட அவனுக்குக் கிடையாது. 2021 இல் ஒரு டெக்சாஸ் நீதிமன்றம் போட்ட தடையால் புதிய விண்ணப்பங்கள் முடங்கிக் கிடக்கின்றன.

ஆவணம் இல்லாத ஆண்பிள்ளையும் 18 வயதானதும் கட்டாயப் படைச்சேவைப் பட்டியலில் தன் பெயரைப் பதிந்தாக வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். 18 முதல் 25 வரையுள்ள, இங்கு வாழும் ஆண்கள் ஏறத்தாழ எல்லாருக்கும் இது பொருந்தும். வேண்டுமென்றே பதியாமல் விட்டால், என்றாவது ஒருநாள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது அதுவே குற்றமாக நிற்கலாம். பெரும்போர் மூண்டு கட்டாய ஆள்சேர்ப்பு வந்தால் அவன் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கும்; அவனாக விரும்பிச் சேர வந்தால், குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் வேறு சிலரும்தான் சேரலாம் என்று திருப்பி அனுப்புவார்கள். இத்தனைக்கும் 2022 இல் தரைப்படைக்கு மட்டும் ஏறக்குறைய 15,000 பேர் பற்றாக்குறை.

படைக்கு உழைத்தவனுக்குக் குடியுரிமை என்பது இங்கே புதிய சலுகை அன்று. உள்நாட்டுப் போரின்போது, 1862 இலேயே, நல்லபடியாகப் பணி முடித்த வெளிநாட்டுப் படைவீரர்களுக்குக் குடியுரிமையை எளிதாக்கிச் சட்டம் செய்தார்கள். போர்க்காலத்தில் நாட்டுக்குள்ளேயே படையில் சேர்ந்து நேர்மையாகப் பணியாற்றுபவர், கிரீன் கார்டு இல்லாதவராயினும், குடியுரிமை கோரலாம் என்று இன்றைய சட்டமும் சொல்கிறது. 2001 செப்டம்பர் 11 முதல் போர்க்காலம் என்று 2002 இல் அதிபர் புஷ் பிறப்பித்த ஆணை இன்னும் நடப்பில் இருக்கிறது. உள்ளே போய்விட்டவனுக்குச் சட்டம் தாராளமாக இருக்கிறது, வாசலில்தான் பூட்டு.

வாக்கு மீறியதற்கும் பழைய கதைகள் உண்டு. பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியர் 1918 இல் அமெரிக்கப் படையில் பணியாற்றியவர். அவருக்குக் கிடைத்த குடியுரிமையை, அவர் வெள்ளையர் இல்லை என்று சொல்லி 1923 இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. முதல் உலகப் போரில் பணியாற்றிய ஆசியர்களுக்காக 1935 இல் தனிச்சட்டம் வந்த பிறகே, 1936 இல் அவர் குடிமகனானார். நம் காலத்தில் ஹோசே அன்டோனியோ குட்டியெரெஸ்: குவாத்தமாலாவில் அநாதையாக வளர்ந்து, சரக்கு ரயில்களில் தொற்றிக்கொண்டு மெக்ஸிகோவைக் கடந்து, ஆவணமின்றி உள்ளே வந்தவர். பின்னர் குடியிருப்புரிமை பெற்று மரைன் படையில் சேர்ந்து, 2003 மார்ச் 21 அன்று, இராக் போர் தொடங்கிய நாட்களிலேயே உயிரிழந்தார். குடியுரிமையை அவர் இறந்த பிறகு வழங்கினார்கள்.

2001 இல் டர்பின், ஹாட்ச் என்ற இரு கட்சிச் செனட்டர்களும் கொண்டுவந்த 'ட்ரீம்' மசோதா, பின்னர் வந்த வடிவங்களில், இத்தகைய பிள்ளைகளுக்குக் கல்லூரி அல்லது ராணுவம் என இரு வழிகளைக் காட்டியது. 2010 டிசம்பரில் கீழவையில் நிறைவேறி, மேலவையில் 60 வாக்குகள் தேவைப்பட்ட இடத்தில் 55 மட்டும் பெற்று விழுந்தது. அப்போதே புலம்பெயர்ந்தோர் உரிமைக்காகப் பாடுபடுபவர்களில் சிலர், பணமில்லாத பிள்ளைகளைப் படைக்குத் தள்ளும் ஏற்பாடு இது என்று எதிர்த்தார்கள். உயிரைப் பணயம் வைத்துக் காகிதம் வாங்க வேண்டுமா என்று நீயும் கேட்பாய், எனக்குத் தெரியும். அந்தக் கேள்வி நியாயமானது. கல்லூரி வழி அடைபட்டால், இது விருப்பமாக இல்லாமல் நிர்ப்பந்தமாகிவிடும். டெக்சாஸில் அது நடந்தே விட்டது. ஆவணமில்லாத மாணவர்களுக்கும் உள்ளூர்க் கட்டணத்தில் கல்லூரிப் படிப்பு என்று 2001 முதல் இருந்த சட்டம், 2025 ஜூனில் மத்திய அரசு வழக்குப் போட்ட அன்றே மாநில அரசும் உடன்பட, நீதிமன்ற ஆணையால் முடிவுக்கு வந்தது.

ஆகவே நான் கேட்பது இது: படிப்பின் வழியும் திறந்திருக்கட்டும், படையின் வழியும் திறக்கட்டும், படைக்கு எடுத்தால் குடியுரிமையைப் பயிற்சி முடியும் நாளிலேயே கையில் கொடுக்கட்டும். இது நடக்காத காரியம் இல்லை. 2009 முதல் தரைப்படைப் பயிற்சி முகாம்களில் அப்படிக் கொடுத்திருக்கிறார்கள். பிறகு 2017 இல், 180 நாள் பணி முடித்தால்தான் குடியுரிமை கோரத் தேவையான பணிச் சான்று என்று விதி மாற்றினார்கள். 2020 இல் நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹெக்டர் பராஹாஸ் சாட்சி. குழந்தையாக மெக்ஸிகோவிலிருந்து வந்து, கிரீன் கார்டுடன் வான்குடைப் படைப்பிரிவில் பணியாற்றிய அவர், குடியுரிமைக்கு உரிய காகிதங்களை முடிக்காமலேயே வெளியே வந்தார். பின்னர் ஒரு துப்பாக்கிச் சூட்டு வழக்கில் தண்டனை பெற்று, நாடு கடத்தப்பட்டார். அவர் செய்தது குற்றம்தான், தண்டனையையும் அனுபவித்தார். ஆனால் அதே குற்றத்தைச் செய்த குடிமகனை யாரும் நாடு கடத்துவதில்லை. மெக்ஸிகோவின் எல்லை நகரான டிஹுவானாவில் தம்மைப் போன்ற முன்னாள் வீரர்களுக்கென ஓர் இல்லம் நடத்தி, கலிஃபோர்னியா ஆளுநரின் மன்னிப்புக்குப் பிறகு 2018 இல் அவர் குடிமகனாகத் திரும்பினார். நாடு கடத்தப்பட்ட முன்னாள் வீரர், நற்பெயருடன் விடுவிக்கப்பட்டவரானால், இறந்த பிறகு இங்குள்ள ராணுவக் கல்லறையில் இடம் பெறலாம். உயிரோடு வரத்தான் பலருக்கு அனுமதி இல்லை.

பிரபுவிடம், இப்படி ஒரு குறுக்கு வழி இருக்கிறது என்று யார் பணம் கேட்டாலும் கொடுக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல். படிப்பை இடையில் விட்டு விசா நிலையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். சந்தேகம் வந்தால் முதலில் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்கட்டும். நன்றி விடுமுறைக்கு இங்கே வரச்சொல், பேருந்தில் ஐந்தாறு மணி நேரம்தான். என் மாணவன் இந்த மே மாதம் பள்ளி முடிக்கிறான். குடியேற்ற வழக்குகளைக் கட்டணமின்றிப் பார்க்கும் ஒரு வழக்கறிஞரிடம் அவன் தாயையும் சேர்த்து அழைத்துப்போக நாள் குறித்திருக்கிறேன். அவர் என்ன சொல்கிறார் என்பதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
கமலா