குமரி மாவட்டக் கல்லூரிகளின் வேதியியல் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே, ஆய்வு மாணவர்களே,

வாழைக் கழிவிலிருந்து மீன்வலைக்கான பிளாஸ்டிக் இழை செய்ய முடியுமா என்று கேட்டு, குளச்சல் கடற்கரையிலிருந்து எழுதுகிறேன். 2019 ஜனவரி 1 அன்று தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தபின், ‘மக்கும்’ என்று அச்சிட்ட பை ஒன்றை நம்பி வாங்கினேன். வீட்டுக்குப் பின்னால் ஈரமணலில் புதைத்து, எட்டு மாதம் கழித்துத் தோண்டினேன். எழுத்துகூட அழியவில்லை. செடியின் சர்க்கரையிலிருந்து செய்யும் பாலிலாக்டிக் அமிலப் பைகள்கூட, ஏறக்குறைய 60 டிகிரி சூடு நிலைக்கும் உரக்கிடங்கில்தான் ஒழுங்காக மக்கும் என்று பிறகுதான் படித்தேன். எங்கள் மணலுக்கும் கடலுக்கும் அந்தச் சூடு ஏது?

ஒரு பிளாஸ்டிக் செடியிலிருந்து வந்தது என்பது மட்டும் போதாது. என் அண்ணனின் வலை உப்பிலும் பாறையிலும் உரசி உழைக்க வேண்டும். கிழிந்தபின் அதே பொருள் மறுபடி புது இழையாக வேண்டும். கிழிந்த வலைக்கு விலை இருந்தால் யாரும் அதைக் கரையில் போட்டுவிட்டுப் போகமாட்டார்கள்.

முடியாத காரியம் இல்லை இது. ஆமணக்கெண்ணெயிலிருந்து நைலான் 11 என்னும் பிளாஸ்டிக் பல பத்தாண்டுகளாக வருகிறது. 2021இல் ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தார் தாவர எண்ணெயிலிருந்து பாலித்தீன் போன்ற பொருளைச் செய்தார்கள். அதை ஆல்கஹாலில் சூடாக்கி, 96 விழுக்காட்டுக்கு மேல் மூலப்பொருளாகவே மீட்டார்கள். அடுத்த ஆண்டு சுவிட்சர்லாந்தின் லொசான் நகர ஆய்வாளர்கள், தாவரச் சர்க்கரையைச் சிதைக்காமல் அதன் இரு பக்கமும் கிளையாக்சிலிக் அமிலத்தைக் கோத்து, வேளாண் கழிவின் எடையில் 25 விழுக்காடு வரை பிளாஸ்டிக் மூலப்பொருளாக்கினார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) மாவில் பிளாஸ்டிக் செய்யலாம் என்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம், மரச்சீனியும் மீனும் எங்கள் சாப்பாடு. மட்டி, ஏத்தன் வாழைகளில் குலை வெட்டியபின் தோட்டத்தில் சரிந்து அழுகும் வாழைத்தடையை, அதாவது வாழையின் அடிமரத்தைப் பாருங்கள். பட்டை பட்டையாக உரித்தால் உள்ளே வலைக்கண் போலச் சிறு அறைகள், அவற்றைத் தாங்கும் நார், விரல்வழி ஒழுகும் நீர். பத்தில் ஒன்பது பங்கு நீர்தான், உலர்த்துவது பெரும்பாடு என்பது தெரியும். ஆனால் இங்கே வெயிலும் கடற்காற்றும் இருக்கின்றன, கருவாடு காயப்போட்டுப் பழகிய கைகளும் இருக்கின்றன.

நான் கேட்பது ஒன்றுதான். அந்த வாழைத்தடையில் எவ்வளவு சர்க்கரை கிடைக்கும், அதிலிருந்து வரும் இழை உப்புநீரில் எத்தனை நாள் தாங்கும், திரும்ப எவ்வளவு மீட்கலாம் என்று அளந்து, நாங்கள் படிக்கும்படி தமிழில் எழுதுங்கள். உலர்ந்த வாழைத்தடையைச் சாக்கில் கட்டி உங்கள் ஆய்வக வாசலுக்கே கொண்டுவந்து தருகிறோம்.

அன்புடன்,
குளச்சல் மீனவர் ஒருவரின் தங்கை