மூலையில் இருந்த பச்சை இலை

கிளிநொச்சி,
2026 தை 18

அன்பின் மச்சான்,

நலம், நலமறிய ஆவல். உன் கார்த்திகைக் கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன், ஏசாதே. வாட்ஸ்அப்பில் இரண்டு வரி தட்டியிருக்கலாம்தான். நீ அந்தக் குளிருக்குள் இருந்து பேனை பிடித்து ஐந்து பக்கம் எழுத, நான் இங்கிருந்து ஒரு பெருவிரல் படத்தை அனுப்பினால் மரியாதையா? மழை, வயல், அம்மா என்று ஒன்று விட ஒன்று பிடித்துக்கொண்டது. வயல் பரவாயில்லை, இன்னும் மூன்று கிழமையில் வெட்டலாம். மெசின்காரன்தான் நாள் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருக்கிறான்.

நீ எழுதியிருந்த அமெரிக்கச் செய்திச் சனல் எம்.எஸ்.என்.பி.சி.யின் கதையை வாசித்துச் சிரித்தேன். 1996-இல் மைக்ரோசொஃப்ட்டும் என்.பி.சி.யும் கூட்டாகத் தொடங்கி, இரண்டு பேருடைய எழுத்தையும் சேர்த்து வைத்த பெயர். மைக்ரோசொஃப்ட் எப்போதோ கைகழுவிவிட்டுப் போய்விட்டது. இப்போது என்.பி.சி.யையும் அதன் மயில் சின்னத்தையும் கழற்றிவிட்டு 'எம்.எஸ். நவ்' என்று ஆக்கியிருக்கிறார்கள். வீட்டை விட்டுப் போனவனுடைய எழுத்து மட்டும் படலையில் மிஞ்சி நிற்கிறது! உன் மருமகன் அதைக் கணினியில் ஏற்றுகிற ஏதோ மென்பொருள் என்று நினைத்தானாம். உங்கள் ஊர்ப் பகிடி என்று சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். அடுத்த மாதமே அது எங்கள் விறாந்தைக்கு வந்து சேர்ந்தது.

அம்மா பார்க்கிற சனல் எதென்று உனக்குத் தெரியும். பெயரை எழுதவில்லை. எழுதுவதென்றாலும் எந்தப் பெயரை எழுதுவது, பழையதையா புதியதையா?

அம்மாவுக்கு 83 ஆகிறது. கண் மங்கல், எழுத்துப் பிடிபடாது. ரிமோட்டில் ஆறாம் நம்பர்க் கட்டையின் மேல் என் மனுசி ஒரு சிவப்பு ஒட்டுப்பொட்டை ஒட்டிக்கொடுத்திருந்தாள். விரலால் தடவி அந்தப் பொட்டை அமத்துவா. பாட்டு வரும், திரையின் மூலையில் பச்சையாக ஒரு இலை தெரியும். அவ்வளவுதான் அவவுக்கு அந்தச் சனல். மார்கழியில் ஒரு நாள் பின்னேரம் வயலால் வந்து கால் கழுவிக்கொண்டு நிற்கிறேன், உள்ளேயிருந்து குரல்:

"தம்பி, ரீவி பழுதாப்போச்சு."

போய்ப் பார்த்தால் படம் பளிச்சென்று வருகிறது. மூலையில் இலையைக் காணவில்லை. நீலத்தில் இரண்டு எழுத்து ஒன்றையொன்று பின்னிக்கொண்டு கிடக்கிறது. பாட்டுக்குப் பதிலாக யாரோ பீப்பாவில் குத்துகிற மாதிரி 'தும் தும்' என்று ஒரு சத்தம்.

"பழுதில்லை அம்மா, பெயரைத்தான் மாத்தியிருக்கினம்."

"இது எங்கட ரீவி இல்லை."

"அதே பிள்ளைதானே செய்தி வாசிக்குது, பாருங்கோவன்."

அம்மா கிட்டப் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தா. பிறகு பெருமூச்சு விட்டுவிட்டுச் சொன்னா: "அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போட்டினம்."

இதற்கு நான் என்ன பதில் சொல்ல? அன்றிரவு முழுக்க நினைத்து நினைத்துச் சிரித்தேன். விடியக் கொஞ்சம் சிரிப்பு அடங்கிவிட்டது.

ஊரிலும் அதே கதைதான். கரடிப்போக்குச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் இரண்டு கிழமையாக வேறு பேச்சில்லை. ஒருவர் சொன்னார், கொம்பனி கைமாறிவிட்டதாம். இன்னொருவர், சாத்திரக்காரன் சொல்லி எழுத்தை மாற்றினார்களாம். ஓட்டோ ஓட்டுகிறவர் ஒருவர், நீல நிறம் எந்தக் கட்சியின் நிறம் என்று ஆராய்ச்சியில் இறங்கிவிட்டார். பாவம் டிஷ் பூட்டுகிற பொடியன். சனம் அவனைக் கூப்பிட்டு, பழைய சனலைத் திருப்பி எடுத்துத் தா என்று நிற்கிறது. மூன்று வீட்டில் காசு தரமாட்டோம் என்றே சொல்லிவிட்டார்களாம். அந்தச் சனல்காரர் வெளியிட்ட அறிவித்தலில் 'புதிய பொலிவு', 'இளைய தலைமுறை', 'புதிய பாய்ச்சல்' என்று எல்லாம் இருந்தது. அந்த இளைய தலைமுறையில் ஒன்று, என் தங்கச்சியின் மகள், எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். "நான் எங்கே மாமா ரீவி பார்க்கிறன்?" என்று கேட்டுவிட்டுப் போனுக்குள் தலையை விட்டுவிட்டாள். யாருக்காக மாற்றினார்களோ அவர்கள் பார்ப்பதில்லை. பார்க்கிறவர்களை ஒருவரும் கேட்கவில்லை.

மச்சான், பூநகரியில் அந்தக் கப்பல்காரர் வீட்டு முற்றம் நினைவிருக்கிறதா? பனை உயரத்துக்குக் குழாயை நட்டு, மீன்முள்ளு மாதிரி அன்ரெனா. நீ குழாயைப் பிடித்துத் திருப்ப, நான் யன்னலடியில் நின்று "வருது, வருது... ஐயோ போச்சு" என்று கத்த, கடற்காற்று மனம் வைத்த நாளில் சென்னைத் தூரதர்சன் இரைச்சலுக்குள்ளால் எழும்பி வரும். (இப்போது கொக்காவிலில் 174 மீற்றர் உயரத்தில் ஒளிபரப்புக் கோபுரம் நிற்கிறது. 1990-இல் அழிந்ததை 2011-இல் திரும்பக் கட்டி எழுப்பினார்கள். குழாய் திருப்பிய கைகளுக்கு வேலை போய்விட்டது.) முதலில் வருவது தூரதர்சனின் சின்னம், அந்தச் சுழல்கிற கண். கூடவே ரவிசங்கர் அமைத்த அந்த இசை. 1976-இலிருந்து போட்ட இசையாம், இழுத்து இழுத்து, யாரோ தூரத்தில் அழுகிற மாதிரி. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்க முற்றம் நிறைந்துவிடும். ஆனால் எனக்குப் பிடித்தது 'எதிரொலி'. நேயர்களின் கடிதத்தை வாசித்துப் பதில் சொல்வார்களே, அது. நிகழ்ச்சி பிடிக்கவில்லை என்று எழுதினவனுக்கும் ஒரு மனிதர் திரையில் இருந்து மறுமொழி சொன்னார். நாமும் ஒரு கடிதம் எழுதினோம், ஞாபகமா? முத்திரைக் காசுக்கு ஐஸ்பழம் வாங்கித் தின்றதோடு அது முடிந்தது.

அந்தச் சென்னைத் தூரதர்சன்தான் பிறகு 'பொதிகை' ஆகியது. 2024 தை 19-இல் மோடி சென்னைக்கு வந்து அதை 'டிடி தமிழ்' என்று தொடக்கிவைத்தார். அதே வருடம் சித்திரையில், தேர்தலுக்குச் சில நாள் முன்பு, டிடி நியூஸின் சின்னம் சிவப்பிலிருந்து காவிக்கு மாறியது. தூரதர்சனை நடத்துகிற பிரசார் பாரதியின் தலைமை அதிகாரியாக முன்பு இருந்த ஜவகர் சர்க்காரே அதைக் கண்டித்தார். ஸ்டாலின் கண்டித்தபோது பொதிகை என்ற பெயரை எடுத்ததையும் சேர்த்தே சொன்னார். அதிகாரிகளோ, அது செம்மஞ்சள், கண்ணுக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று போட்டது என்றார்கள். காவியா செம்மஞ்சளா என்று அவர்கள் அடிபடட்டும். எனக்கு அந்தப் பெயர் போனதில்தான் மனம் நின்றது. பொதிகை என்றால் மலை, அகத்தியர், தென்றல். 'டிடி தமிழ்' என்றால்? கடையில் தகரப் பேணியில் ஒட்டுகிற சீட்டு. கொம்பனி இன்னது, உள்ளே இருப்பது இன்னது.

நீ யோசித்துப் பார், எல்லாம் அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது. பிபிசி 'தமிழோசை'யும் 2017-இல் வானொலியை நிறுத்திக்கொண்டது. இப்போது 'பிபிசி தமிழ்' மட்டும் இருக்கிறது. பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றறி கிடையாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவன் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வயரை ரேடியோவுக்குக் கொடுத்து இரவில் செய்தி கேட்டோம். சுற்றுகிறவனுக்குக் கை சளைத்தால் செய்தி வாசிக்கிறவரின் குரலும் சளைக்கும். "சுத்தடா, சுத்தடா, எங்க குண்டு விழுந்ததெண்டு சொல்லப்போறார்!" அப்படிக் கேட்ட பெயர் நெஞ்சில் ஒட்டாமல் வேறு எங்கே ஒட்டும்?

ஆனால் ஒன்று, சனம் நினைத்தால் பெயரை விடாது. 1967-இல் இலங்கை வானொலியைக் கூட்டுத்தாபனம் ஆக்கினார்கள். இன்றைக்கும் யாராவது "கூட்டுத்தாபனத்தில் பாட்டுப் போகுது" என்று சொல்லக் கேட்டிருக்கிறாயா? கடலுக்கு அந்தப் பக்கம் அது இன்னும் சிலோன் ரேடியோ. விஜய் டிவியைப் பார். விஜய் மல்லையா தன் பெயரை வைத்துவிட்டுப் போனார், பிறகு ஸ்டார் கொம்பனி வந்து முன்னால் தன் பெயரை ஒட்டியது. சனத்துக்கு விஜய் டிவி விஜய் டிவிதான். இங்கே சில பொடியள் அதை நடிகர் விஜய்யின் சனல் என்று நினைத்துக்கொண்டு திரிகிறார்கள், திருத்தப் போனால் அடி விழும். அமெரிக்காவில் இணையத்தில் படம் காட்டுகிற எச்.பி.ஓ. மாக்ஸ் என்று இருந்ததை 2023-இல் வெறும் 'மாக்ஸ்' ஆக்கினார்கள். இரண்டு வருடம் கழித்துப் பழைய பெயரைத் திரும்ப எடுத்து மாட்டினார்கள். கோடி கோடியாய்க் காசு உள்ளவர்களுக்கும் புத்தி வர இரண்டு வருடம் பிடிக்கிறது.

சரி, என்னையே நான் மறித்துக் கேட்கிறேன். 1982-இல் அரச தொலைக்காட்சியாக ரூபவாகினி வந்தபோது அந்தப் பெயர் நம்முடைய வாயில் நுழைந்ததா? என்னுடைய பெரியம்மா கடைசிவரை 'ரூபவாணி' என்று, ஏதோ சகோதரியைக் கூப்பிடுகிற மாதிரித்தான் சொன்னா. இப்போது அது பழகின பெயர். நாளைக்கு இந்த நீல எழுத்தையும் யாராவது எடுத்தால், தங்கச்சி மகளின் பிள்ளை அதற்காகச் சண்டை பிடிக்கும். ஆகவே, புதுசு எல்லாம் கூடாது என்று கிழவன் புலம்புகிறான் என்று எண்ணாதே. (எங்கள் பக்கத்தில் பெயர்ப்பலகை மாறுவதற்கு வேறு கதைகளும் உண்டு. அவை கடிதத்தில் எழுதுகிற கதைகள் இல்லை, நீ வரும்போது வயல் வரப்பில் வைத்துச் சொல்கிறேன்.)

அம்மாவின் கோபம் இலைக்காக இல்லை என்பது எனக்கே பிந்தித்தான் விளங்கியது. நாலைந்து நாள் கழித்து, ஆறே முக்காலுக்கு ரீவிக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தா. 'தும் தும்' முடிந்து ஏதோ சமையல் போட்டி தொடங்கியது. அம்மா எழும்பவில்லை. முக்கால் மணி நேரம் அந்தச் சமையலைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, "இண்டைக்கு ஒருதரும் சாகேல்லையோ?" என்று கேட்டா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆறே முக்காலுக்குப் போன மரண அறிவித்தலை எடுத்துவிட்டிருந்தார்கள். 'புதிய பொலிவு'க்குச் சாவு பொருந்தாது போல.

உனக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 'பூநகரியைப் பிறப்பிடமாகவும், வட்டக்கச்சியை வசிப்பிடமாகவும், கனடாவைத் தற்போதைய வதிவிடமாகவும் கொண்ட' என்று தொடங்கும்போது அம்மா நிமிர்ந்து உட்காருவா. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து அயல் முழுக்கச் சிதறிப்போனது. யார் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதே செத்த பிறகு அந்த வரியில்தான் தெரியவருகிறது. போன வருடம் எங்கள் பழைய பக்கத்து வீட்டுக்காரி நோர்வேயில் இருந்தா என்பதும், மூன்று பேரப்பிள்ளைகள் என்பதும், இறந்துபோனா என்பதும் ஒரே நிமிடத்தில் தெரிந்தது. அம்மா அன்று அழவில்லை. "மூண்டு பேரப்பிள்ளையளாம்" என்று மனுசிக்கு இரண்டு தரம் சொன்னா.

அந்தச் சனலுக்கு ஒரு கடிதம் எழுதினேன். இந்த முறை முத்திரைக் காசைத் தின்னவில்லை. தங்கச்சி மகள் மின்னஞ்சலிலும் அனுப்பினாள். 'உங்கள் கருத்து எங்களுக்குப் பெறுமதியானது' என்று ஒரு வரி, அனுப்பி ஒரு நிமிடம் ஆகவில்லை, உடனே வந்தது. வாசித்துவிட்டு எழுதின மறுமொழி என்று நீ நம்புவாயா?

இப்போது ஒவ்வொரு நாளும் ஆறே முக்காலுக்கு நான்தான் அறிவிப்பாளர். போனில் மரண அறிவித்தல்களைத் தேடி எடுத்து, அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து உரத்து வாசிக்கிறேன். முதல் நாள் நான் பெயர்களை மட்டும் வாசித்தேன். "அப்படி இல்லை, முழுக்க வாசி" என்றா. 'அன்னார்' முதல் 'உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்' வரை ஒரு சொல் விடக்கூடாது. வேகமாக வாசித்தால் ஏச்சு. அந்தச் செய்தி வாசிக்கிற பிள்ளை என்னைவிட நல்லாய் வாசிக்குமாம். முந்தாநாள் ரிமோட்டில் பொட்டைக் காணவில்லை. தேடினால், என்னுடைய போனின் முதுகில் ஒட்டியிருக்கிறது.

வேறென்ன. கப்பல்காரர் வீட்டு முற்றத்தில் எடுத்த படம் ஒன்று உன் அக்காவிடம் இருந்ததே, அந்த அன்ரெனாவோடு, அதைத் தேடிப் பார். இங்கே இருந்த படங்கள் எல்லாம் 2009-இல் போய்விட்டன. கிடைத்தால் போனில் அனுப்பாமல் பிரதி எடுத்துத் தபாலில் போடு, அம்மா கையில் பிடித்துப் பார்க்கட்டும். அறுவடை முடிந்ததும் அரிசி அனுப்ப வழி இருக்கிறதா என்று விசாரித்துச் சொல். பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உன் வாங்குத் தோழன்