எங்கள் கோட்டாவில் உங்கள் அட்மின் ஏற்றிய கோப்புகள் குறித்த புகார்

அனுப்புநர்
மீன் கொள்முதல் கணக்கு அலுவலகம்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு.

பொருள்: சூப்பர்யூசர் (எல்லா அனுமதியும் உள்ள நிர்வாகி) கணக்கில் ஏற்றப்பட்ட கோப்புகளுக்கு எங்களிடம் கூடுதல் கட்டணம் கேட்பது தொடர்பாக.

ஐயா,

கோப்புகளைப் பல கணினிகளில் பிரித்து வைக்கும் உங்கள் ஹடூப் சேமிப்பகத்தில் 6 டெராபைட் கோட்டா (இட வரம்பு) உள்ள டைரக்டரியை நாங்கள் வாடகைக்கு எடுத்திருக்கிறோம். ஒவ்வொரு கோப்பும் மூன்று பிரதிகளாகக் கணக்கில் ஏறுவதால் உண்மையில் 2 டெராபைட்தான் கிடைக்கும் என்பது தெரிந்தே கையெழுத்திட்டோம். அதில் குறை ஏதுமில்லை.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் நீடித்த மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் முதன்முதலாகக் கரை திரும்பிய அதிகாலையில், எங்கள் பணியாளர் 42 கிலோ கணவாயைப் பதிய முயன்றபோது, கோட்டா தீர்ந்துவிட்டது என்று டேப்லெட் மறுத்துவிட்டது. ஈரக் கையோடு நோட்டில் எழுதியதில் இறால் எடைகள் மை கரைந்து போயின. யாருக்கு எவ்வளவு பாக்கி என்று படகுக்காரர்களிடமே மறுநாள் கேட்க நேர்ந்தது எங்களுக்குப் பெரிய தலைகுனிவு.

நாங்கள் கேட்டபின் நீங்களே அனுப்பிய ஆடிட் லாக்கை, அதாவது யார் என்ன செய்தார் என்ற பதிவேட்டைப் பார்த்தால் நடந்தது விளங்குகிறது. உங்கள் அட்மின் சூப்பர்யூசராக நுழைந்து எங்கள் கோட்டாவை நீக்கி, 1 டெராபைட் சோதனை நகலை எங்கள் டைரக்டரிக்குள் இறக்கிவிட்டு, பழைய அளவையே திரும்பவும் விதித்திருக்கிறார். இருப்பு வரம்பை மீறியிருந்தாலும் கோட்டா விதிக்கும் கட்டளை நிறைவேறிவிடும். அதன்பிறகு புதிதாக எழுத முயல்பவருக்குத்தான் அடி விழும். இந்தக் கோட்டா டைரக்டரிக்கு உரியது, கோப்பின் உரிமையாளர் யார் என்று அது பார்ப்பதில்லை என்பதால், அந்த நகலின் 3 டெராபைட்டும் எங்கள் தலையில் விழுந்தது. அது சூப்பர்யூசருக்குச் சொந்தமான துணை டைரக்டரிக்குள் இருப்பதாலும், அதில் எழுதும் அனுமதி எங்களுக்கு இல்லாததாலும் எங்களால் அழிக்கவும் முடியவில்லை.

வேறு வழியின்றி எங்களுடைய பழைய படங்களை அழித்து 300 மெகாபைட் இடம் உண்டாக்கினோம். அப்போதும் சில கிலோபைட் பதிவுகூட ஏறவில்லை. இடம் இருக்கிறது, எங்கள் மென்பொருளில்தான் கோளாறு என்று உங்கள் உதவிப் பிரிவு பதில் எழுதியது. ஆனால் ஒரு சிறு கோப்புக்கும் முழு பிளாக்குக்கான (கோப்பைப் பிரித்து வைக்கும் துண்டுக்கான) இடம் கோட்டாவில் மீதமிருக்க வேண்டும். 128 மெகாபைட் பிளாக், மூன்று பிரதிகள் என்றால் 384 மெகாபைட். சேமிப்பகத்தை நடத்துகிறவர்களுக்கு இது தெரியாமல் போனது எங்களுக்கு மிகுந்த வருத்தம்.

ஆகவே, அந்த நகலை உடனே அகற்றி, கூடுதல் கட்டணத்தை ரத்து செய்து, நாங்கள் அழித்த படங்களை உங்கள் காப்பு நகலிலிருந்து மீட்டுத் தர வேண்டும். இனி எங்கள் கோட்டாவில் கைவைக்கும் முன், செய்பவர் யார், காரணம் என்ன என்பதை எங்களுக்கு எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும். அடுத்த மாதக் கட்டணம் கட்டும் நாளுக்குள் பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
அலுவலகப் பொறுப்பாளர்,
மண்டபம்.