பத்தாவதுலயே கம்ப்யூட்டருக்கு மார்க் வேணும்டி

அடியே பாலக்காட்டுக்காரி,

எப்படி இருக்க, உன் பொண்ணு பத்தாவது பாஸ்னு மெசேஜ் பாத்ததும் அவ்ளோ சந்தோஷம். அம்மாவுக்கு முட்டி வலி, சேலத்துக்கும் தருமபுரிக்கும் அலைஞ்சதுல பதில் போட லேட்டாயிடுச்சு, கோச்சுக்காத.

உங்க கேரளாவுல பத்தாவதுலயே ஐடின்னு கம்ப்யூட்டர் பரீட்சை இருக்கு, அது 50 மார்க்குக்குன்னு சொன்னல்ல, அதுலருந்து எனக்கு அதே நெனப்பு. இங்க தமிழ்நாட்டுல பத்தாவதுல அஞ்சு சப்ஜெக்ட், 500 மார்க், கம்ப்யூட்டர்னு தனியா ஒண்ணு கிடையாது. சயின்ஸ் புக்குல கடைசி பாடமா ஸ்க்ராட்ச்னு புள்ளைங்களுக்கான புரோகிராமிங் சாஃப்ட்வேர் வரும், கடைசி பாடம்னா எப்படி நடக்கும்னு உனக்கே தெரியும். அப்புறம் ப்ளஸ் ஒன்ல கம்ப்யூட்டர் குரூப் எடுத்துட்டு வர்றவங்க கைல அந்த வருஷமே சி ப்ளஸ் ப்ளஸ்ங்கற புரோகிராமிங் மொழி.

எங்க ஸ்கூல் ப்ளஸ் டூ மாடல் பிராக்டிகல்ல நடந்தத சொல்றேன் கேளு. பென்னாகரம் பக்கத்துப் பொண்ணு, அப்பா அம்மா ரெண்டு பேரும் பெங்களூர்ல கட்டட வேல, பாட்டி வீட்ல இருந்து படிக்குது. பைத்தான்ங்கற மொழியில புரோகிராம ஒரு எழுத்து பிசகாம அடிச்சிருக்கா, ஆனா ரன் ஆகல. போய்ப் பாத்தா எல்லா வரியும் ஓரத்த ஒட்டியே ஆரம்பிக்குது, பைத்தான்ல இஃப் வரிக்கு கீழ வர்றத கொஞ்சம் உள்ள தள்ளி அடிச்சாதானே ஓடும், அது இல்ல. "ரெக்கார்டுல இருக்கற மாதிரியே தான் மிஸ் அடிச்சேன்"னு நோட்ட காட்றா. நோட்டுலயும் அப்படியேதான்டி இருக்கு, மார்ஜின ஒட்டி முத்து முத்தா எழுதியிருக்கா, கீழ என் கையெழுத்து. அன்னிக்கு நைட்டு எனக்கு தூக்கமே வரல.

அவளுக்கு அறிவில்லாம இல்ல. கீபோர்ட தொட்டதே பதினொண்ணாவதுலதான். எங்களுக்கு தியரி 70, பிராக்டிகல் 20, இன்டர்னல் 10, அப்போ மனப்பாடம் பண்ணா போதும்னுதானே புள்ளைங்க நெனைக்கும்? அதனால பத்தாவதுல சப்ஜெக்டா கொண்டு வந்து அதையும் பேப்பர்ல எழுதச் சொன்னா ஒரு பிரயோஜனமும் இல்ல, உங்க ஊர் மாதிரி மெஷின் முன்னாடி உக்கார வெச்சு, கேள்வியும் அதுலயே வந்து, செஞ்சு காட்டணும். மார்க் இல்லாத பாடத்துக்கு பீரியட் தங்காதுடி, ரிவிஷன் டைம் வந்தா முதல்ல கணக்கு டீச்சர்தான் வந்து கேப்பாங்க, அவங்களையும் தப்பு சொல்ல முடியாது. ஆள் விஷயமும் இருக்கு. 2019ல டிஆர்பி, அதான் ஆசிரியர் தேர்வு வாரியம், பரீட்சை வெச்சு கம்ப்யூட்டர் இன்ஸ்ட்ரக்டர் 814 போஸ்ட்டுக்கு எடுத்தாங்களே, நான் வந்த பேட்ச், அது முழுக்க ஹையர் செகண்டரிக்குத்தான், பத்தாவதோட நிக்கற ஸ்கூலுக்கு யாரு போவா?

உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். உங்க பக்கம் தமிழ் மீடியம் பசங்களுக்கு அந்த ஐடி புக் தமிழ்லயே வருதுல்ல, எட்டு ஒம்பது பத்து மூணும் கெடச்சா அனுப்பி விடு. அவ பிராக்டிகல்ல என்னென்ன செய்யச் சொன்னாங்கன்னு ஞாபகம் இருக்கறத ஒரு வாய்ஸ் நோட்டா போடச் சொல்லு. ஜூன்ல ஒம்பதாவது பசங்கள சனிக்கிழமை லேப்ல உக்கார வெக்கலாம்னு ஹெச்எம்கிட்ட கேட்ருக்கேன், சரின்னுட்டாங்க.

காவேரிப்பட்டணத்துலருந்து மல்கோவா ஒரு பெட்டி சொல்லி வெச்சிருக்கேன், அட்ரஸ் அதேதானே?

உன்
தருமபுரிக்காரி